சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள்? வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் தோட்டா?

"அண்ணா, சுவரைத் துளைக்காத தோட்டா எதுன்னு மட்டும் சொல்லுங்க, அதையே வாங்கிக்கிறேன்" என்று போன மாதம் ஒரு தம்பி போனில் கேட்டான். டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் புது வீடு. கிரீன் கார்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் மனைவி, நாலு வயதுப் பையன், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை அவனும் மனைவியும் பேசி முடித்துவிட்டார்கள். அது அவரவர் வீட்டு விவகாரம், நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் அவன் கேட்ட தோட்டாவை யாரும் விற்பதில்லை. வீட்டுக்குள் வந்தவனைத் தடுத்து நிறுத்தும் அளவுக்குச் சக்தியுள்ள எந்தத் தோட்டாவையும் அமெரிக்க வீட்டின் உள்சுவர் நிறுத்தாது. எது கொஞ்சம் குறைவாகப் போகும், அதற்கு நாம் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பேரம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பேரத்துக்கு முன்னால் விசா விஷயம். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள். கடைக்காரரின் வாய்வார்த்தையோ நண்பரின் அனுபவமோ போதாது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சரி, சுவருக்கு வருவோம். ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் வளர்ந்தவன் நான். காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் சுவர் ஆணியை வளைத்துவிடும். இங்கே வந்த புதிதில் அதே வேகத்தில் ஒரு போடு போட்டேன். ஆணி முழுசாக உள்ளே போய், சுத்தியலும் கொஞ்சம் போனது. இங்கே உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவில் மூன்றரை அங்குல வெற்றிடம், பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம். அவ்வளவுதான். ஜிப்சம் பலகை என்பது சுண்ணாம்புக்கட்டி மாதிரியான ஒன்றைக் காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தியது. படுக்கையறைக் கதவுகள் இன்னும் மோசம். பல வீடுகளில் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே அட்டைதான் இருக்கும். வெளிச்சுவரில் செங்கல் பதித்திருந்தால் கைத்துப்பாக்கிக் குண்டை அது பெரும்பாலும் தாங்கும். டெக்சஸில் பல வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் உண்டு, ஜன்னல் இருக்கும் இடம் தவிர. வினைல் பலகை போர்த்திய வெளிச்சுவரை உள்சுவர் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அபார்ட்மெண்டில் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் தடித்த சுவர் தீயைத் தாமதப்படுத்தக் கட்டியது, குண்டை நிறுத்த அல்ல.

இப்போது தோட்டா தரப்பு. ஒரு குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு இன்று எல்லோரும் சொல்லும் அளவு எஃப்.பி.ஐ. வைத்தது. அதற்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையரோடு நடந்த சண்டையில் ஜெரி டவ், பெஞ்சமின் குரோகன் என்ற இரு அதிகாரிகள் இறந்தார்கள். கொள்ளையரில் ஒருவனுடைய கையைத் துளைத்து மார்புக்குள் போன ஒரு 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான் ஜெலட்டின் சோதனை: பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும். அதாவது 30 முதல் 45 செ.மீ. மனிதனின் மார்பு அவ்வளவு ஆழம் இல்லையே என்று தோன்றும். குறுக்கே கை வரும், உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கனமான கோட்டு போட்டிருப்பான். எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

சிக்கல் இங்கேதான். முப்பது சென்டிமீட்டர் ஜெல்லுக்குள் போகும் ஒன்றுக்கு அரை அங்குல ஜிப்சம் பலகை ஒரு பொருட்டே இல்லை.

கேள்வியைக் கொஞ்சம் பிரித்துக்கொண்டால் தெளிவு வரும். ஆளின் மேல் பட்ட குண்டு அவனைத் தாண்டிப் போகுமா என்பது ஒரு கேள்வி. படாமல் தவறிய குண்டு எத்தனை சுவர் தாண்டும் என்பது வேறு கேள்வி. விளம்பரங்கள் பதில் சொல்வது முதல் கேள்விக்கு. நமக்குத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது இரண்டாவது. நியூயார்க் போலீசைப் பற்றி ரேண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1998 முதல் 2006 வரை எதிராளியும் சுட்ட மோதல்களில் போலீசார் சுட்டதில் இலக்கில் பட்டது சராசரியாக 18 சதவீதம். பயிற்சி பெற்ற ஆட்களுக்கே அந்த நிலை. நடுராத்திரி லுங்கியோடு எழுந்து வரும் நமக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த அனுபவம் ஷாட்கனில், அதாவது ஒரே வெடியில் பல ரவைகளை அனுப்பும் நீளத் துப்பாக்கியில், தொடங்கியது. ஒரு கடையில் கவுண்டரில் நின்றவர், "பேர்ட்‌ஷாட் போடுங்க, சுவரைத் தாண்டாது, ஆளையும் சாய்ச்சிடும்" என்ற பொருளில் சொல்லி ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். பேர்ட்‌ஷாட் என்றால் காடை, புறா சுட வைக்கும் சின்னச் சின்ன ரவை. ஏழரை நம்பர் ரவை ஒன்று 2.4 மி.மீ. விட்டம். அவர் சொன்னது இரண்டு பக்கமும் தப்பு. ஜெல்லில் அது ஏறக்குறைய பத்து பதினைந்து செ.மீ. போய் நின்றுவிடும். பயங்கரமான மேல்காயம் உண்டாகும், ஆனால் உள்ளே போக வேண்டிய இடத்துக்கு அது போகும் என்று சொல்ல முடியாது. அறைக்குள் இருக்கும் மூன்று நாலு மீட்டர் தூரத்திலோ ரவை இன்னும் பிரிந்திருக்காது, ஒரே கட்டியாகத்தான் வந்து மோதும். சுவரில் ஓட்டை விழும்.

இதைக் கண்ணால் பார்த்தேன். கிழக்கு டெக்சஸில் ஒரு நண்பரின் நிலத்தில், மண்மேட்டுக்கு முன்னால், சட்டம் அடித்து ஜிப்சம் பலகை வைத்து மூன்று சுவர்த் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினோம். பின்னால் பழைய கார்ப்பெட் மூட்டைகள். விஞ்ஞானம் என்று சொல்லமாட்டேன், ஒரு சனிக்கிழமை வேலை. பேர்ட்‌ஷாட் முதல் சுவரில் கை நுழையும் ஓட்டை போட்டு, இரண்டாவது சுவரின் முன்பலகையையும் கிழித்தது. குழந்தை தூங்கும் அறை முதல் சுவருக்கு அடுத்தது என்றால் அதுவே போதும், வேண்டாத அளவுக்குப் போதும்.

ஷாட்கனிலேயே பக்‌ஷாட் என்பது மான் வேட்டைக்கான பெரிய ரவை. டபுள் ஆட் எனப்படுவதில் 8.4 மி.மீ. உருண்டைகள் எட்டு அல்லது ஒன்பது. ஆளை நிறுத்துவதில் இதற்கு மிஞ்சியது வீட்டுக்குள் வேறில்லை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் ஒவ்வொரு உருண்டையும் தனித்தனிக் குண்டு. எங்கள் மூன்று சுவர்களையும் எல்லாம் தாண்டின. நாலாம் நம்பர் பக்‌ஷாட்டில் 6.1 மி.மீ. உருண்டைகள் 27 இருக்கும். சுவருக்குப் பின்னால் இதன் வேகம் டபுள் ஆட்டைவிடச் சீக்கிரம் குறையும், ஜெல்லில் 12 அங்குலத்தை எட்டுவதும் எட்டாததுமாக நிற்கும். ஷாட்கன்தான் என்று முடிவெடுத்த அபார்ட்மெண்ட்வாசிக்கு இதைச் சொல்வேன். "ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம்" என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண பக்‌ஷாட் மீட்டருக்கு இரண்டு மூன்று செ.மீ. என்ற அளவில்தான் விரியும். கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட வராது. ஃபெடரல் கம்பெனியின் ஃபிளைட்கண்ட்ரோல் வகை இன்னும் இறுக்கமாகவே போகும். அது நல்ல குணம், எல்லா உருண்டையும் ஆளின் மேலேயே நிற்கும். ஆனால் குறி பார்க்கத்தான் வேண்டும். ஒற்றைக் குண்டு போடும் ஸ்லக் வகையை வீட்டுக்குள் நினைக்கவே வேண்டாம்.

கைத்துப்பாக்கியில் 9 மி.மீ.யை வைத்தே பேசுகிறேன், பெரும்பாலோர் வாங்குவது அதுதான். பயிற்சிக்கு வாங்கும் மலிவான தோட்டா செம்பு முழுக்கப் போர்த்திய உருண்டை மூக்குக் குண்டு. அதை வீட்டுக் காவலுக்கு அப்படியே வைத்துக்கொள்வதுதான் நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தப்பு. ஜெல்லில் அது 60 செ.மீ.யைத் தாண்டும். ஆள் மேல் பட்டாலும் மறுபக்கம் வந்து, அதற்கப்புறம் சுவரையும் பார்க்கும். தவறினாலும் சுவர், பட்டாலும் சுவர்.

ஹாலோ பாயிண்டில் மூக்கில் குழி இருக்கும். ஈரமான உடம்புக்குள் போகும்போது குழியில் அழுத்தம் ஏறி, குண்டு காளான் மாதிரி விரிந்து வேகம் குறைந்து உள்ளேயே நிற்கும். இந்த வகைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மூக்கு விரியும் ராணுவக் குண்டுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் 'டம்டம்'. கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் அதே டம்டம்தான். அங்கிருந்த பிரிட்டிஷ் ஆயுதச்சாலையில் 1890-களில் செய்தார்கள். 1899-இல் ஹேக் பிரகடனம் போரில் இத்தகைய குண்டைத் தடுத்தது. போர்க்களத்தில் கொடூரம் என்று ஒதுக்கிய அதே குணத்தை ஊருக்குள் போலீஸ் விரும்பி வாங்குகிறது, பின்னால் நிற்பவர் மேல் போய்ப் படாது என்பதால்.

இதில் யாரும் பெட்டியின் மேல் அச்சடிக்காத சங்கதி ஒன்று உண்டு. ஹாலோ பாயிண்ட் ஆளின் மேல் படாமல் முதலில் சுவரில் பட்டால், ஜிப்சமும் காகிதமும் குழியை அடைத்துவிடும். அடைத்த குழி விரியாது. அதற்குமேல் அது சாதாரண உருண்டை மூக்குக் குண்டுதான். நாங்கள் சுட்ட மூன்று ஹாலோ பாயிண்ட்களும் மூன்று சுவரையும் நேர்கோட்டில் தாண்டின. கார்ப்பெட் மூட்டையிலிருந்து எடுத்த இரண்டில், குழிக்குள் வெள்ளைப் பொடி திருநீற்று மடலில் அடைத்த மாதிரி கெட்டியாக இருந்தது. ஹாலோ பாயிண்ட் வாங்குவது சரிதான். ஆனால் அது பட்ட குண்டுக்கான காப்பு. தவறிய குண்டுக்கு அதனால் ஒரு காப்பும் கிடையாது.

இந்த அடைப்பைத் தவிர்க்கக் குழியில் ரப்பர் மாதிரியான பொருளை வைத்து விற்பதும் உண்டு. ஹார்னடி கம்பெனியின் கிரிட்டிகல் டிஃபென்ஸ் அப்படி. அதே கம்பெனியின் கிரிட்டிகல் டூட்டி பெயரில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் வேலை வேறு. அது கார்க் கண்ணாடி, பலகை போன்ற தடைகளைத் தாண்டியும் ஆழம் போக வேண்டும் என்று போலீசுக்காகச் செய்தது. நமக்கு வேண்டாத குணமே அதற்குப் பெருமை. "போலீஸ் வாங்குவது, நமக்கும் நல்லதுதானே" என்று எடுத்துவிடாதீர்கள். மற்றபடி ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட் இரண்டும் பல வருடம் போலீஸ் கையில் நின்று பேர் வாங்கியவை. குண்டின் எடை 124 கிரெய்னா 147 கிரெய்னா என்று மண்டையை உடைப்பதில் சுவர் விஷயத்தில் பயனில்லை. உங்கள் துப்பாக்கியில் எது சிக்காமல் ஓடுகிறதோ அது. .45 என்ற பெரிய கைத்துப்பாக்கிக் குண்டு மெதுவாகப் போவதால் சுவரில் நின்றுவிடும் என்பதும் வெறும் பேச்சு. .380 சின்னதுதான், சுவரை அதுவும் தாண்டும், ஹாலோ பாயிண்ட் விரிந்தால் ஜெல்லில் பல சமயம் 12 அங்குலத்தை எட்டாது.

ரைஃபிள் என்றதும் எல்லோரும் பதறுகிறார்கள். நானும் பதறினேன். ஏஆர்-15 சுடும் .223 குண்டின் ஆற்றல் 9 மி.மீ.யைப்போல மூன்று மடங்குக்கு மேல், ஏறக்குறைய 1,700 ஜூல். அது நாலு வீடு தாண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் குண்டு ஒல்லி, நீளம், லேசு. 55 கிரெய்ன் என்றால் மூன்றரை கிராம். முதல் பலகையில் பட்டதுமே நிலை தடுமாறிப் புரளத் தொடங்கும். மெல்லிய உறை உள்ளது உடையவும் உடையும். எங்கள் முதல் சுவரில் பென்சில் நுழையும் துளை. மூன்றாவது சுவரில் குண்டு பக்கவாட்டில் படுத்தபடி போன நீளமான கிழிசலும், சில்லுகள் தெறித்த புள்ளிகளும். 9 மி.மீ. அதே மூன்றாவது சுவரில் வட்டமாகத் துளை போட்டு நேராகப் போயிருந்தது. அமெரிக்காவில் பல போலீஸ் சிறப்புப் படைகள் 9 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியை விட்டு .223-க்கு மாறியதற்கு உடல் கவசம் முதல் காரணம் என்றாலும், இந்தக் குணமும் கணக்கில் இருந்தது.

அதற்காக .223 பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது சுவரைத் தாண்டிய சில்லும் கொல்லும். தோட்டாவைப் பொறுத்து குணமும் தலைகீழாக மாறும். ஹார்னடி வி-மேக்ஸ் போன்ற லேசான வேட்டைத் தோட்டா சீக்கிரம் உடையும், அதே காரணத்தால் ஜெல்லில் ஆழமும் குறைவு. உறையும் ஈயமும் ஒட்டிச் செய்த கனமான குண்டு ஆழம் போகும், சுவரையும் அதிகம் தாண்டும். பச்சை மூக்கு எம்855 தோட்டாவில் எஃகு முனை உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வீட்டுக்கு வைக்காதீர்கள். அப்புறம் சத்தம். மூடிய அறைக்குள் ரைஃபிள் ஒரு தடவை வெடித்தால் காது நிரந்தரமாகக் கெடலாம். பிஸ்டலும் ஷாட்கனும் காதுக்கு நல்லதென்று இல்லை, ரைஃபிள் கூடுதல் கெடுதல்.

'சுவரில் தூளாகிவிடும்' என்று விற்கும் வகைகளை இரண்டு வரியில் முடித்துவிடலாம். செம்புப் பொடியை அழுத்திச் செய்த குண்டு எஃகு இலக்கில் பட்டால் பொடியாகும். ஜிப்சம் அந்த அளவுக்குக் கெட்டி இல்லை, தாண்டிவிடும். கிளேசர் மாதிரி செம்புக் கூட்டுக்குள் பொடி ரவை அடைத்தது உடம்பில் ஆழம் போகாது, விலையோ யானை விலை, அதனால் உங்கள் துப்பாக்கியில் ஓடுகிறதா என்று நாலு பெட்டி சுட்டுப் பார்க்க மனம் வராது.

சட்டத்தில் ஒரு இடத்தைத் தம்பிக்குப் படித்தே காட்டினேன். வீட்டுக்குள் புகுந்தவனைச் சுட டெக்சஸ் சட்டம் பெரிய இடம் கொடுக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே தண்டனைச் சட்டத்தின் 9.05 பிரிவு பலருக்குத் தெரியாது. தற்காப்பு நியாயமாகவே இருந்தாலும், பொறுப்பில்லாமல் சுட்டு சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் காயப்பட்டாலோ இறந்தாலோ, அந்த வழக்கில் தற்காப்பு என்ற வாதம் செல்லாது. பக்கத்து வீட்டுத் தொட்டில் வரைக்கும் போன குண்டு உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். நியூஜெர்சிக்காரர்களுக்கு இன்னொன்று: அங்கே ஹாலோ பாயிண்ட் வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் வெளியே கொண்டுபோவதற்குக் கடும் கட்டுப்பாடு. எடிசன் பக்கம் இருப்பவர்கள் காரில் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள்.

கடைசியில் தம்பிக்கு நான் சொன்னது 9 மி.மீ. பிஸ்டலும் எச்எஸ்டியோ கோல்ட் டாட்டோ ஏதாவது ஒன்றும். சுவரைக் குறைவாகத் துளைக்கும் என்பதற்காக இல்லை, அந்தக் கணக்கில் லேசான .223 முந்துகிறது. ஒரு கையில் பையனைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையில் பிடிக்க முடிவது பிஸ்டல் மட்டும். பயிற்சித் தோட்டா மலிவு, அதனால் மாதம் இரண்டு தடவை ரேஞ்சுக்குப் போவான். போனால் தவறும் குண்டு குறையும். சுவரைக் காப்பாற்ற இதைவிட உருப்படியான வழி எனக்குத் தெரியவில்லை. குழந்தை இல்லாத, பக்கத்து வீடு எட்டத்தில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தால் ரைஃபிளைத்தான் சொல்லியிருப்பேன். பயிற்சித் தோட்டாவையும் காவல் தோட்டாவையும் ஒரே அலமாரியில் கலக்காமல் வைக்கச் சொன்னேன். படுக்கைக்குப் பக்கத்தில் விரலால் திறக்கும் சின்னப் பெட்டகமும் வாங்க வைத்தேன். நம் அலட்சியத்தால் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி எட்டிவிட்டால் அதுவே டெக்சஸில் தனிக் குற்றம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனேன். கையில் ஒரு நூல்கண்டு. படுக்கையறை வாசலில் அவன் நிற்கும் இடத்தில் நூலை ஒட்டி, மாடிப்படி வரைக்கும், முன்கதவு வரைக்கும் இழுத்து, நூல் தொடும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முன்கதவுப் பக்கம் செங்கல், தெரு, அதற்கப்புறம் எதிர்வீட்டு கராஜ். மாடிப்படிப் பக்கம் நூல் போய் முட்டிய சுவருக்குப் பின்னால் அம்மாவின் கட்டில், சரியாகத் தலைமாட்டில். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

கட்டிலைச் செங்கல் வெளிச்சுவர் மூலைக்குத் தள்ள இரண்டு பேரும் கைகொடுத்தோம். அந்த மூலையில் கட்டில் ஒரே ஒரு வாக்கில்தான் அடங்கியது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "வடக்க தலை வெச்செல்லாம் நான் படுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். காரணத்தை அவரிடம் சொல்லத் தம்பிக்கு வாய் வரவில்லை. இப்போது தலையணை கட்டிலின் கால் பக்கம் இருக்கிறது.